பிள்ளைகள் தங்கும் இல்லத்தில் ஸ்பிரிங்க்ளர்: கை வைத்தாலும் தாங்கும்படி அமைப்பது

நான் பைப் ஃபிட்டர். வீட்டாரை விட்டு வந்த பதின்வயதுப் பிள்ளைகள் தங்கும் ஆதரவு இல்லங்களில், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளித்து அணைக்கும் ஸ்பிரிங்க்ளர் மாட்டுவதும், அவர்கள் உடைத்ததைச் சரிசெய்வதும்தான் பல வருடமாக என் பிழைப்பு. அதில் தண்ணீர் தெளிக்கும் முனையை ஹெட் என்போம், உடைக்க முடியாத ஹெட் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் ஹெட் உடைந்தால் என்ன ஆகும் என்று முதலில் யோசித்துவிட்டு, அதன்பிறகு சாமான் வாங்குங்கள்.

முதல் வேலையாக ஒவ்வொரு அறையிலும் கட்டிலில் ஏறி நின்று கையை நீட்டுங்கள். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலிருந்து ஹெட் எட்டினால், கட்டிலை நகர்த்துவதா ஹெட்டை நகர்த்துவதா என்று அப்போதே முடிவு செய்துவிடுங்கள். சுவரில் துணிமாட்டும் கொக்கிகளும் தாராளமாக இருக்கட்டும். நான் பார்த்த உடைசலில் பாதிக்குமேல் ஆத்திரத்தில் நடந்ததல்ல, ஈரச் சட்டையை ஹெட்டில் மாட்டியதால் வந்தது. வெளியே தெரியும் பைப்பும் அப்படித்தான், ஒருவனாவது அதில் தொங்கி உடற்பயிற்சி செய்வான். பைப்பைக் கூரைக்குள் மறைத்துவிடுங்கள்.

ஹெட் வகைக்கு வருவோம். சாதாரண ஹெட்டில் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது வெடித்துத் தண்ணீர் வரும், துடைப்பக் கட்டை இடித்தாலும் வரும். கூரைக்குள் பதிந்து தட்டையான மூடி மட்டும் தெரிகிற வகை இந்த அறைகளுக்கு நல்லது. மூடியைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று சுமார் 57 டிகிரியில் உருகி மூடி விழும், அப்புறம் ஹெட் தன் வேலையைச் செய்யும். அந்த மூடிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், விளிம்பில் சிலிகான் பூசாதீர்கள். பெயின்டருக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டும், சொன்னாலும் மறப்பார். தனக்கே தீங்கு செய்துகொள்ளக்கூடிய பிள்ளை இருக்கும் அறைக்கு இதுவும் போதாது. எதையும் கட்ட இடம்கொடுக்காத, பாரம் ஏறினால் கழன்றுவிடுகிற வகை என்று கேட்டு வாங்கவேண்டும்.

பைப்பில் தண்ணீரே நிற்காமல், புகை உணரி சொன்ன பிறகுதான் வால்வு திறக்கும் முன்செயல் முறையும் உண்டு. ஹெட்டை உடைத்தால் அலாரம் மட்டும் அடிக்கும், அறை நனையாது. கேட்க அருமையாக இருக்கிறதல்லவா? ஆனால் திருட்டுத்தனமாகப் புகைபிடிக்கும் பையன் உணரிக்குச் சாக்ஸ் மாட்டிவிடுவான். நெருப்புப் பிடித்துக் குமிழ் வெடித்தாலும் உணரி சொல்லாதவரை தண்ணீர் வராது. தினமும் உணரிகளைப் பார்க்க ஆள் இல்லாத சின்ன இல்லத்துக்கு நான் இதைச் சொல்வதில்லை, தண்ணீர் நிறைந்த பைப்பே போதும்.

செலவை வால்வில் செய்யுங்கள். மாடிக்கு ஒரு தனி அடைப்பு வால்வு வைத்து, பூட்டிய அலமாரிக்குள் திறந்த நிலையில் பூட்டுப் போட்டு, யாராவது திருப்பினால் தீ அலாரப் பேனலில் தெரிவிக்கும் சுவிட்சையும் இணையுங்கள். சாவி இரவுப் பணியாளர் இடுப்பில் இருக்கவேண்டும். ஒரு ஹெட்டிலிருந்து நிமிடத்துக்கு 60 லிட்டர் போல ஊற்றும். சாவி தேடப் பத்து நிமிடம் ஆனால் 600 லிட்டர், கீழ்வீட்டுக் கூரை போச்சு. நெருப்பு இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடைக்கவேண்டும் என்பதையும் அவருக்குப் பழக்குங்கள். உடைந்த ஹெட்டின் வாயை அடைக்கும் ஆப்பு ஒன்று பக்கத்திலேயே தொங்கட்டும்.

பிள்ளைகளிடம் பழைய ஹெட் ஒன்றைக் கொடுத்துப் பிரித்துப் பார்க்க விடுங்கள். ஒரு லைட்டர் காட்டினால் கட்டிடம் முழுக்க மழை கொட்டும் என்று சினிமா அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. சூடேறிய ஹெட் மட்டும்தான் திறக்கும், அதுவும் லைட்டர் காட்டியவன் படுக்கைமேலேதான் என்று தெரிந்ததும் முகம் மாறும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது அடைத்த பிறகு மறந்துபோன வால்வு. ஓர் இல்லத்தில் சின்ன உடைசலுக்காக மூடியதை மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். மாடி முழுக்கப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள், மேலே பைப் காலி. உதிரி ஹெட்டுகளையும் அதற்குரிய ஸ்பேனரையும் இல்லத்திலேயே வையுங்கள். அமெரிக்கத் தரவிதி என்எஃப்பிஏ 13 சிறிய அமைப்புக்கே குறைந்தது 6 உதிரி கேட்கிறது. ஹெட் மாற்றி வால்வு திறக்கும்வரை மணிக்கொருமுறை மாடியைச் சுற்றிவர ஆள் போடுங்கள். நான் வால்வு அலமாரிச் சாவியோடு ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவைப்பேன். அடைக்கிறவர் அதை வாசல் கதவில் மாட்டவேண்டும், திறந்தவர்தான் கழற்றவேண்டும்.