எஸ்டிஎன்னுக்கு மாறும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுந்தூர வலையமைப்பை நடத்தும் நிறுவனங்கள் மென்பொருள்வழிக் கட்டுப்பாட்டுக்கு, அதாவது தரவு போகும் பாதையை ஒவ்வொரு கருவிக்கும் விடாமல் மைய மென்பொருளே முடிவு செய்யும் எஸ்டிஎன்னுக்கு, மாறும்போது செய்யும் பெரிய தவறு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய ரூட்டிங்கை (கருவிகள் தாமே பாதை தேடும் முறையை) முதலிலேயே கழற்றிவிட நினைப்பதுதான். தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 வலையமைப்பைப் பற்றி கூகுள் 2013-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை காட்டும் வழி வேறு: முதலில் பாதைத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கமான பிஜிபி, ஐஎஸ்-ஐஎஸ் நெறிமுறைகளே ஓடின, பாதைகளை வகுக்கும் மையக் கணிப்பு அவற்றின் மேல் தனி அடுக்காகப் பின்னர் வந்தது. அந்த அடுக்கில் கோளாறு ஏற்பட்டால், அதை அணைத்துவிட்டுக் குறுகிய பாதை ரூட்டிங்குக்குத் திரும்பிவிடலாம். திரும்பும் வழியைக் காகிதத்தில் வைத்திருந்தால் போதாது, போக்குவரத்து குறைந்த இரவுகளில் இயக்கியும் பார்க்க வேண்டும்.

பி4-இல் பல இணைப்புகள் ஏறக்குறைய 100% நிரம்பி ஓடியதை நம்பிச் செலவுக் கணக்குப் போடுவதும் தவறு. அது ஒரே நிறுவனத்தின் உள்போக்குவரத்து என்பதால், நெரிசலின்போது தரவு நகலெடுப்பைத் தாமதப்படுத்த முடிந்தது. வாடிக்கையாளரின் அழைப்பையும் வங்கிப் பரிவர்த்தனையையும் சுமப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. கேபிள் அறுந்தால் தாங்கும் உபரிக் கொள்ளளவு அவர்களுக்கு வேண்டும்.

மைய மென்பொருளுக்கும் கருவிகளுக்கும் இடையிலான கட்டுப்பாட்டுத் தொடர்பின் சுமையை அளந்து பார்க்காமல் விடுவது இன்னும் ஆபத்தானது. அதே கட்டுரை தன் சொந்தக் கோளாறு ஒன்றை வெளிப்படையாக விவரிக்கிறது. தரவை அனுப்பிவைக்கும் கருவிகளான ஸ்விட்சுகளை இடம் மாற்றும்போது இரண்டுக்கு ஒரே அடையாள எண் கையால் கொடுக்கப்பட்டுவிட்டது. இணைப்புகள் விழுந்து விழுந்து எழ, அந்த மாற்றங்களை அறிவிக்கும் செய்திகள் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கும் ஸ்விட்சுகளுக்கும் இடையே குவிந்தன. 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லும் சிறிய ஹலோ செய்திகள் அந்த வரிசைக்குப் பின்னால் சிக்கிக்கொண்டதால், நல்ல இணைப்புகளும் செத்தவையாகக் கருதப்பட்டன. ஆகவே அடையாள எண்களை மென்பொருளே வழங்கட்டும். ஹலோ செய்திகளுக்குத் தனி முன்னுரிமை இருக்கட்டும். பல இணைப்புகள் ஒருசேர விழும் நிலையைச் சோதனைக் கூடத்தில் உண்டாக்கிப் பார்த்த பிறகே மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.

பொறியாளர்கள் கருவிகளை எட்டிச் சரிசெய்யும் மேலாண்மைப் பாதையை வாடிக்கையாளர் போக்குவரத்து ஓடும் அதே வலையமைப்பின் மேல் வைக்கவும் கூடாது. கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் 2022 ஜூலை 8 அன்று முடங்கியதற்கு எஸ்டிஎன் காரணமன்று. ஆனால் மேலாண்மை வலையமைப்பு அதே மையக் கட்டமைப்பைச் சார்ந்திருந்ததால், பொறியாளர்களால் ரூட்டர்களை எட்டவே முடியவில்லை. முடிவுகளை ஓரிடத்தில் குவிக்கும் எஸ்டிஎன்னில் இந்தச் சார்பு மேலும் கனக்கும் என்பதால், தனிப் பாதைக்கான செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.