பள்ளி மேலாண்மைக் குழு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது ஒரு குழுவில் 20 பேர். 2024-இல் அது 24 ஆனது. முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டக் கணக்கு. ஒவ்வொரு முறையும் புதிய முகங்கள் ஆர்வத்தோடு வருகின்றன. முந்தைய குழு எங்கே தடுக்கி விழுந்ததோ அங்கேயே அவர்களும் விழுகிறார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் விழுந்ததும் அதே பள்ளங்களில்தான். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் தலைவராக இருந்தவள் என்பதால், சுற்றுவட்டாரத்தில் புதிய குழு அமைந்தால் யாராவது கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால், பழைய கதை புதிய பதிவேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கூட்டத்துக்கு ஒழுங்காக வாருங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், ரசீது வாங்கி வையுங்கள் என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நம் கை எதுவரை நீளும் என்று தெரியாமல் இறங்குவது

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 21-ஆம் பிரிவு குழுவுக்குத் தரும் முக்கிய வேலைகள் மூன்று: பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசும் உள்ளாட்சியும் தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. ஆசிரியரை மாற்றுவதற்கோ, தலைமை ஆசிரியரிடம் விளக்கக் கடிதம் கேட்பதற்கோ அதில் இடமில்லை. பதவியேற்ற முதல் மாதமே வகுப்புக்குள் நுழைந்து, "ஏன் இந்தப் பாடத்தை இன்னும் முடிக்கவில்லை?" என்று அதட்டிய தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு ஈராண்டுக்கும் அந்த ஆசிரியர்கள் குழுவுக்கு எந்தத் தகவலும் தருவதில்லை. தகவல் வராத குழு டீ, பிஸ்கட் குழுதான்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. அதன் கணக்கை இதிலும், இதன் தீர்மானத்தை அதிலும் எழுதாதீர்கள்.

ஆகஸ்ட் 1-ஐக் கோட்டை விடுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்குவதில்லை.

அரசுப் பள்ளிகளில் எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பது ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயமாகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 குழந்தைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று பேர். 91 முதல் 120 வரை நான்கு பேர். 121 முதல் 200 வரை ஐந்து பேர்; 150-ஐத் தாண்டினால் கூடவே ஒரு தலைமை ஆசிரியர். எண்ணிக்கை குறைந்தால் கூடுதலாக இருப்பவர் 'உபரி' ஆகிறார். உபரி என்று பட்டியலில் ஏறியவர் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்.

அந்த எண்ணிக்கை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையல்ல. கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் (EMIS) இணையதளத்தில் ஏறியிருக்கும் எண்ணிக்கை. பெற்றோரில் பலருக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

ஒரு தொடக்கப் பள்ளி. வருகைப் பதிவேட்டில் 62 குழந்தைகள், எமிஸில் 59. விடுபட்ட மூவரில் ஒரு சிறுமி தனியார் பள்ளியிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு வந்தவள். பழைய பள்ளியில் கட்டண பாக்கி இருந்ததால் எமிஸில் பள்ளி மாறும் பிள்ளைகளின் பெயர்கள் இடையில் தங்கும் பொதுத் தொகுப்புக்கு அவள் பெயரை அவர்கள் விடுவிக்கவில்லை. பொதுத் தொகுப்புக்கு வராத பெயரைப் புதிய பள்ளி தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடியாது. மற்ற இருவரும் செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள், அண்ணன் தம்பி. பிறப்புச் சான்றிதழும் இல்லை, ஆதாரும் இல்லை. "வாங்கிக்கொண்டு வாருங்கள், ஏற்றிவிடலாம்" என்று சொல்லி வகுப்பில் மட்டும் உட்கார வைத்திருந்தார்கள். மூன்று பேரும் தினமும் வருகிறார்கள், சத்துணவு சாப்பிடுகிறார்கள், வாய்ப்பாடு சொல்கிறார்கள். அரசாங்கத்தின் கண்ணில் மட்டும் இல்லை.

ஜூலை மாதக் கூட்டத்தில் அந்தக் குழு என்ன பேசியது தெரியுமா? சுதந்திர தினத்துக்கு எந்தக் கடையில் மிட்டாய் வாங்குவது என்று. தீர்மானப் பதிவேட்டில் அதற்கு அரைப் பக்கம்.

ஆகஸ்ட் கடந்தது. 60-க்குக் கீழே என்பதால் மூன்றாவது ஆசிரியர் உபரியானார். பணி நிரவலில் போனார். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். அப்போதுதான் குழு விழித்துக்கொண்டது. பள்ளிக்குப் பூட்டுப் போட்டார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தார்கள். 62 குழந்தைகளையும் வரிசையில் நிறுத்திக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார்கள். அலுவலகத்தில் ஒரே பதில்: திரையில் 59. அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருந்த தாளில் அதுதான் இருந்தது. ஜூலையில் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு, அந்தக் கல்வியாண்டு முழுவதும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்தன. சூளைக் குடும்பம் பொங்கலுக்கு முன்பே வேறிடம் போய்விட்டது. அந்த இரண்டு பிள்ளைகளும் கடைசிவரை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

என் எரிச்சலுக்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. சட்டம் முழுக்க அந்தக் குழுவின் பக்கம்தான் இருந்தது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டி வேறு பள்ளியில் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு; தாமதப்படுத்தும் தலைமை ஆசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் அதிலேயே வழி இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. இந்த இரண்டையும் மேற்கோள் காட்டி வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஜூலையில் ஒரு தீர்மானம் போயிருந்தால், பெயரை விடுவிக்கச் சொல்லிப் பழைய பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது போயிருக்கும்.

ஆகவே புதிய குழுக்களிடம் நான் சொல்வது: ஜூலை இரண்டாவது வாரத்தில், உறுப்பினர்களில் இருவர் வகுப்பு வகுப்பாகப் போய் வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகச் சரிபாருங்கள். வெறும் மொத்த எண்ணைக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். "எல்லாம் ஏறிவிட்டது" என்பார்கள். விடுபட்ட பெயர் ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். அதைத் தீர்மானமாக்கி, நகலை அலுவலகத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். வேலை நெரிசலில் இருக்கும் தலைமை ஆசிரியருக்கே இது பெரிய உதவி. பல நல்ல தலைமை ஆசிரியர்கள் குழுவிடமிருந்து இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், வாய்விட்டுக் கேட்பதில்லை. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வராத பிள்ளைகளின் பெயரை ஏற்றச் சொல்லும் புத்திசாலிகளும் குழுவில் இருப்பார்கள். அவர்களை உட்காரச் சொல்லுங்கள்.

நடுநிலைப் பள்ளிகளுக்குக் கணக்கு வேறு. ஆறு முதல் எட்டு வரை 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் என்ற மூன்று பிரிவுக்கும் ஆளுக்கொருவராவது வேண்டும். இங்கே தலைகளோடு பாடங்களையும் எண்ண வேண்டும்.

"ஆசிரியர் வேண்டும்" என்ற ஒற்றை வரித் தீர்மானம்

எந்த ஆசிரியர்? அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியாக இருக்கிறதா? ஆள் இருந்தும் மாற்றுப் பணியில் வேறிடத்தில் இருக்கிறாரா? மகப்பேறு விடுப்பில் இருக்கிறாரா? அல்லது பணியிடமே அனுமதிக்கப்படவில்லையா? வகுப்பில் ஆள் இல்லாத நிலை நான்கிலும் ஒன்றுதான். ஆனால் கேட்க வேண்டியது நான்கு விதம். காலிப் பணியிடமென்றால் நிரப்பக் கேட்க வேண்டும். மாற்றுப் பணியென்றால் அந்த ஆணையை ரத்து செய்யக் கேட்க வேண்டும். விடுப்பென்றால் அதுவரைக்கும் மாற்று ஏற்பாடு. பணியிடமே இல்லையென்றால் முந்தைய பகுதிக்குத் திரும்பிப் போய் எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். காரணத்தைக் குறிப்பிடாத தீர்மானத்துக்கு "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலே மரியாதை.

இன்னொன்று. ஆசிரியர் வராத கோபத்தில் பெற்றோரிடம் மாதாமாதம் வசூல் செய்து, ஊரில் படித்த பெண் ஒருவரை வைத்து வகுப்பை ஓட்டுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வகுப்பு நடக்கிறதென்று ஆனபின் அந்தக் காலியிடத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அந்தப் பெண்ணுக்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

தற்காலிக நியமனத்தில் சொந்தக்காரர்

2022-இல் காலியிடங்களைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய் என்று அப்போது ஊதியம் அறிவித்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. தகுதித் தேர்வில் தேறியவர் விண்ணப்பித்திருக்க, உறுப்பினரின் மருமகளை முன்னால் நிறுத்தினால் உங்கள் ஊருக்கும் வழக்கு வரும். வர வேண்டும்.

கட்டட மனுவைத் தவறான மேசையில் வைப்பது

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர்கள் கல்வித் துறையின் கீழ். கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. ஓடு உடைந்தால், சுற்றுச்சுவர் சாய்ந்தால் பெரும்பாலான குழுக்கள் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கின்றன. எழுத வேண்டியது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, நகல்தான் மற்றவருக்கு. சென்னைக்கே எழுதினாலும் அந்த மனு ஊர் சுற்றிவிட்டு இதே மேசைக்குத்தான் வந்து சேரும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுத் தீர்மானத்தை அங்கே வைத்துக் கிராம சபைத் தீர்மானமாக்கினால் ஒன்றிய அலுவலகம் அதை எளிதில் ஒதுக்க முடியாது. கூட்டத்தன்று கையை உயர்த்திப் பேசினால் போதும் என்று நினைக்காதீர்கள். முந்தைய வாரமே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்துப் பொருள் பட்டியலில் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

பணத்தை மார்ச்சில் நினைப்பது

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 குழந்தைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். இங்கேயும் ஒரு குழந்தையின் பெயர் விடுபட்டால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்புபோல் பணம் பள்ளிக் கணக்கில் வந்து தங்குவதில்லை. மாநிலத்தின் ஒற்றைக் கணக்கிலிருந்து செலவு வரம்பாகக் கிடைக்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் பயன்படுத்தாதது கைவிட்டுப் போகும். அதனால் மார்ச் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகச் சுவரில் தலைவர்கள் படம் வரைகிறார்கள். ஒரு பள்ளியில் திருவள்ளுவர் பளபளவென்று இருந்தார். பெண் குழந்தைகளின் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. தோழி ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள். அவள் அந்த நேரத்துப் பாடத்தை இழப்பாள். ஒரு தாழ்ப்பாளின் விலை என்ன?

பணம் எப்போது வரும் என்பது குழுவின் கையில் இல்லை. எதற்குச் செலவழிப்பது என்ற வரிசை குழுவின் கையில் இருக்கிறது. அதைப் பணம் வருவதற்கு முன்பே தீர்மானமாக எழுதி வையுங்கள். மூன்றாண்டுப் பள்ளி வளர்ச்சித் திட்டம் என்று சட்டத்தின் விதிகள் சொல்வது இதைத்தான். போன குழுவின் திட்டத்தில் ஆண்டை மட்டும் மாற்றிக் கையெழுத்திடுவது திட்டமல்ல.

உறுப்பினர் அம்மா, பேசுவது அப்பா

அப்பாவை வெளியே உட்கார வையுங்கள்.

ஆசிரியரின் பெயரைச் சொல்லிப் பொதுக்கூட்டத்தில் புகார்

பெயர் சொன்ன கணத்தில் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஊரில் ஏற்கெனவே இருக்கும் சாதிப் பிளவும் தேர்தல் பகையும் அதன் மேல் ஏறிக்கொள்ளும். என்ன நடந்தது, எந்தத் தேதியில், எந்தக் குழந்தைக்கு என்று பெற்றோர் எழுத்தில் தரட்டும். முதலில் தலைமை ஆசிரியர், பிறகு வட்டாரக் கல்வி அலுவலர். குழந்தையின் உரிமை பற்றிய எழுத்துப் புகாரை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்கிறது. 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது. குழந்தைகளைக் கழிப்பறை கழுவச் சொல்வது, தட்டைத் தனியாக வைப்பது போன்றவற்றுக்கு "ஊர் வழக்கம்" என்ற சமாதானம் சொல்பவர் உறுப்பினராகவே இருந்தாலும் அவர் சொன்னதைப் பதிவேட்டில் அப்படியே எழுதுங்கள். எழுதப்போகிறோம் என்றதும் பலருக்குப் பேச்சு மாறிவிடும்.

பாலியல் புகாரைப் பேசித் தீர்ப்பது

கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது காவல் நிலையம், அன்றைக்கே. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம்.

கோப்பு தலைவர் வீட்டுப் பரணில்

தலைவரின் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போனால் பதவியும் முடிகிறது. ஒப்புகைச் சீட்டுகள் அவர் வீட்டுப் பையில் இருக்கும். புதிய தலைவர் அதே சுற்றுச்சுவருக்கு முதல் மனு எழுதிக்கொண்டிருப்பார். தீர்மானப் பதிவேடு பள்ளியிலேயே இருக்கட்டும். ஒப்புகைகளின் நகல் ஒரு தொகுப்பு துணைத் தலைவரிடமும், இன்னொன்று முதல் வகுப்பில் பிள்ளை படிக்கும் உறுப்பினர் ஒருவரிடமும் இருக்கட்டும். அவர் இன்னும் நான்காண்டு அங்கேதான் இருப்பார்.