பேடைப் பார்க்காமல் பிரேக் ஆயில் ஊற்றாதீர்கள்

போன வாரம் குலசேகரம் பக்கமிருந்து ஒரு பையன் பழைய கார் ஒன்றை வாங்கிய கையோடு பட்டறைக்கு வந்தான். "அண்ணே, பிரேக் ஆயில் குறைஞ்சு கிடந்துச்சு, நானே ஊத்திட்டேன். இப்ப லேசா ஒரு சத்தம் மட்டும் வருது" என்றான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. 20 வருடத்துக்கு முன்பு தக்கலையில் வேலை படிக்கும்போது எனக்கும் இதே பெருமை இருந்தது.

இரும்பும் இரும்பும் உரசினால் பட்டறைக்கு வாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. காது இருப்பவர்களுக்கு அது தெரியும். பிரேக் விஷயத்தில் பலரும் செய்யும் தவறுகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குறைந்ததும் ஊற்றி மூடுவது

இதைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். பிரேக் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து தீர்வதில்லை. பிரேக் மிதிக்கும்போது வீலோடு சுற்றும் டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிப்பது பேட். அது தேயத் தேய, அதை அழுத்தும் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். பானெட்டைத் திறந்து அந்த டப்பாவைப் பார்த்தால், பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். காசில்லாமல் கிடைத்த மீட்டர் அது.

இன்னொன்று. பல கார்களில் ஆயில் மட்டம் இறங்கினாலும் ஹேண்ட் பிரேக்கின் சிவப்பு விளக்குதான் எரியும். பேச்சிப்பாறை ரோட்டு வளைவுகளில் அது மினுக்கி மினுக்கி அணைந்தால், வண்டி சாயும்போது ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்குகிறது என்று அர்த்தம். ஆயிலை ஊற்றினால் விளக்கு அணையும், தேய்ந்த பேட் அப்படியே இருக்கும்.

நான் செய்ததும் அதுதான். ஒரு டீச்சரின் காருக்கு 'மேக்ஸ்' கோடு வரை ஊற்றி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வண்டி திரும்பி வந்தபோது பேடில் டிஸ்கோடு உரசும் லைனிங்கே இல்லை. அடித்தகடு இரண்டு டிஸ்கையும் உழுது வைத்திருந்தது. பேடோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க் வரைக்கும் போனது. ஆசான் திட்டவில்லை, என் விரலைப் பிடித்து அந்தப் பள்ளங்களின் மேல் ஓட விட்டார். கூத்து அதோடும் முடியவில்லை. புதுப் பேட் போடப் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியதும், நான் ஊற்றியிருந்த ஆயில் டப்பாவிலிருந்து பொங்கி வழிந்தது. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும்.

அதனால் மட்டம் மெல்ல இறங்கினால் முதலில் பேடைப் பாருங்கள். புதுப் பேடில் லைனிங் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். திடீரென்று இறங்கினால் எங்கோ கசிவு. அப்போது வண்டியை எடுக்கவே வேண்டாம். பேடும் நன்றாக இருக்கிறது, கசிவும் இல்லை என்றால் ஊற்றிக்கொள்ளலாம், மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டும். வீட்டில் திறந்து வைத்த பழைய பாட்டில் வேண்டாம். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்தக் கொதிநிலை 155 வரைக்கும் இறங்கிவிடலாம். நம் குமரி மாவட்டத்துக்கோ வருடத்தில் இரண்டு மழைக்காலம். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றிவிடுங்கள்.

வெளிப் பேடை மட்டும் பார்ப்பது

வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்து, "நிறைய இருக்கு" என்று திருப்தியாகப் போகிறவர்கள் அதிகம். உள்பக்கப் பேட் பெரும்பாலும் கண்ணில் படாது. முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர் வண்டிகளில் உப்புக்காற்று பட்டு காலிபர் சறுக்கி நகரும் 'பின்' என்ற கம்பி துருவேறி இறுகிவிடும். வெளிப் பேட் பாதி இருக்கும்போதே உள்பேட் தீர்ந்துபோன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வீலைக் கழற்றிப் பாருங்கள்.

கீச் சத்தத்தை மட்டும் நம்பியிருப்பது

பேட் தேய்ந்ததும் டிஸ்கைத் தொட்டுக் கீச்சிட, பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு உண்டு. விலை மலிவான சிலவற்றில் அது இருக்காது. இரவெல்லாம் மழை பெய்து, காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் கரகரத்து நின்றால் அது டிஸ்கில் படிந்த துரு. அதற்காகப் பேட் மாற்றாதீர்கள்.

கீரிப்பாறை இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்து வருவது

ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மாற்றினால் இரண்டு பக்கமும்.

புதுப் பேட் போட்டதும் வண்டியை எடுப்பது

பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் சில மிதி தரை வரை போகும். நிற்கும் வண்டியிலேயே, பெடல் கெட்டிப்படும்வரை மிதித்து விடுங்கள். டீச்சர் காரைப் பட்டறையிலிருந்து வெளியே எடுத்தபோது நான் மிதிக்கவில்லை. பட்டறை கேட்டைச் சரி செய்த செலவும் என் கணக்கில்தான் வந்தது.