விண்டோஸ், லினக்ஸ், மேக்: ஒரே நெட்வொர்க்கில் ஒன்றுக்கொன்று தெரியாதபோது

விண்டோஸ் 11, உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை), மேக் ஆகிய மூன்று கணினிகளும் ஒரே ரௌட்டரில் இணைந்திருக்கும். மூன்றிலும் இணையம் தடையின்றி வரும். ஆனால் விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் உபுண்டு கணினி மட்டும் தென்படாது. இந்த நிலையில் பலரும் பகிர்வு அமைப்புகளையும் ஃபயர்வாலையும் ஒருசேர மாற்றிப் பார்க்கிறார்கள். பிறகு எது பலன் தந்தது என்பதும் தெரிவதில்லை, எதைத் திறந்துவிட்டோம் என்பதும் நினைவில் நிற்பதில்லை. பட்டியலில் பெயர் தெரிவது ஒரு வேலை, கோப்பைத் திறக்க முடிவது வேறொரு வேலை. இரண்டையும் வெவ்வேறு நிரல்கள் வெவ்வேறு போர்ட்டுகள் (எண்ணிட்ட தொடர்பு வாயில்கள்) வழியாகச் செய்வதால், எது பழுதாகியிருக்கிறது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

அதற்கு, நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள எண் முகவரியான ஐபி முகவரியே போதும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பில் காட்டப்படும் முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். பகிர்ந்த கோப்புறைகள் திறந்தாலோ, கடவுச்சொல் கேட்டாலோ, பாதை சரியாக இருக்கிறது. பெயரை அறிவிக்கும் வேலை மட்டுமே நடக்கவில்லை. நெடுநேரம் காத்திருந்து பிழைச்செய்தி வந்தால், பாதையிலேயே அடைப்பு இருக்கிறது.

அடைப்பு என்றால் முதலில் இரு கணினிகளின் முகவரிகளையும் ஒப்பிட வேண்டும். ஒன்று 192.168.1 என்றும் மற்றொன்று 192.168.0 என்றும் தொடங்கினால், இணைய நிறுவனம் பொருத்திய பெட்டியும் நீங்கள் வாங்கிய ரௌட்டரும் தனித்தனி நெட்வொர்க்குகளை நடத்துகின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டாவதை, தனி நெட்வொர்க் நடத்தாமல் இணைப்பை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் தீரும். முகவரிகள் ஒத்திருந்தும் தொடர்பு கிடைக்கவில்லையெனில், ஒரு கணினி விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா, ரௌட்டரில் வைஃபை கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாமல் பிரிக்கும் ஏபி ஐசோலேஷன் இயக்கத்தில் இருக்கிறதா, இணையத் தொடர்பை வேறு வழியாகத் திருப்பும் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் கணினியில் உள்ள கோப்புகள் மற்றவற்றிலிருந்து திறக்கவில்லையென்றால், அதன் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருக்கலாம். வீட்டிலோ அலுவலகத்திலோ அதைப் 'பிரைவேட்' ஆக்குவதே சரி. பிங் (மற்றக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்து பதில் வராததை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது, ஏனெனில் விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துவிட்டுக் கோப்புப் பகிர்வுக்குரிய டிசிபி 445 போர்ட்டைத் திறந்துவைத்திருக்கவும் கூடும்.

பாதை சரி, பெயர் மட்டும் தெரியவில்லை என்பதே அதிகம் காணப்படும் நிலை. பழைய விண்டோஸில் இந்தப் பட்டியலைத் தயாரித்த கம்ப்யூட்டர் பிரௌசர் என்ற சேவை எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய வடிவமான எஸ்எம்பி 1-ஐச் சார்ந்திருந்தது. அந்த நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீங்கு நிரல் பரவியது. அதே ஆண்டின் விண்டோஸ் 10, 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி 1-ஐ விலக்கத் தொடங்க, லினக்ஸில் விண்டோஸ் முறைக் கோப்புப் பகிர்வைத் தரும் நிரலான சாம்பாவும் 2019-இல் வெளியான 4.11 பதிப்பில் அதை இயல்பாகவே முடக்கியது. எஸ்எம்பி 1-ஐ மீண்டும் இயக்கச் சொல்லும் ஆலோசனை இன்னும் பரவலாகக் கிடைக்கிறது. ஒரு பெயர் பட்டியலில் தெரிவதற்காக அந்த ஓட்டைக் கதவைத் திறப்பது எவ்விதத்திலும் தகாது.

இன்றைய விண்டோஸ் மற்ற கணினிகளைக் கண்டறிவது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற நெறிமுறையால். சாம்பாவுக்கு இது தானாகத் தெரியாது என்பதால், உபுண்டுவில் டபிள்யூஎஸ்டிடி (wsdd) என்ற சிறு நிரலையும் சேர்த்து நிறுவ வேண்டும். உபுண்டுவில் ஃபயர்வால் இயக்கத்தில் இருந்தால், சாம்பாவுக்கு அனுமதி தந்தது இதற்குப் போதாது. யுடிபி 3702, டிசிபி 5357 ஆகிய போர்ட்டுகளையும் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறக்க வேண்டும். ஒரு விண்டோஸ் கணினியே மற்ற விண்டோஸ் கணினிகளுக்குத் தெரியவில்லையெனில், அதன் சர்வீசஸ் பட்டியலில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதைத் தானியங்கியாக மாற்றித் தொடங்குங்கள். கணினியைப் பிறருக்கு அறிவிப்பது அந்தச் சேவைதான்.

கணினிகளைக் கண்டறிய மேக் பேசுவது போன்ஜோர் என்ற நெறிமுறையின் மொழி. யுடிபி 5353 வழியாகச் செல்லும் இதே முறையை உபுண்டுவில் அவாஹி என்ற நிரல் கையாள்வதால் அவ்விரண்டுக்கும் இடையே சிக்கல் குறைவு. விண்டோஸ் கணினி மேக்கின் ஃபைண்டரில் தோன்றாவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. கமாண்ட் விசையுடன் கே அழுத்தி, smb:// என்ற முன்னொட்டுடன் ஐபி முகவரியைத் தந்து நேரே இணையலாம். அந்த முகவரி மாறாதிருக்க ரௌட்டரில் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி பகுதியில் அதை அந்தக் கணினிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

பெயரும் தெரிந்து, கடவுச்சொல்லையும் கேட்டு, சரியாகத் தட்டியும் மறுக்கப்பட்டால் சிக்கல் கணக்கில் இருக்கிறது. சாம்பா தனக்கென்று தனிக் கடவுச்சொல் பட்டியல் வைத்திருப்பதால், உபுண்டு பயனரை அதிலும் சேர்க்க வேண்டும். விண்டோஸில் நுழையும் பின் (PIN) எண் இங்கே செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லே வேண்டும். மேக்கிலோ, கோப்புப் பகிர்வின் ஆப்ஷன்ஸ் பகுதியில் விண்டோஸ் பகிர்வுக்கென அந்தப் பயனரைத் தனியே தேர்வுசெய்ய வேண்டும். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வை விண்டோஸ் 11-இன் 24எச்2 புரோ பதிப்பு இயல்பாக ஏற்பதில்லை. இவ்வளவும் சரியாக இருந்து பழைய மறுப்பே தொடர்ந்தால், விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்தக் கணினியின் பெயரிலும் முகவரியிலும் சேமிக்கப்பட்டுள்ள பழைய பதிவுகளை நீக்கிவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.