படிக்காத தீர்ப்பைக் கையில் எடுக்காதீர்கள்: மூட் கோர்ட்டுக்கு வரும் புதியவர்களின் தவறுகள்

பாளையங்கோட்டையில் சட்டம் படிக்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் ஆண்டிலேயே மூட் கோர்ட் (கற்பனை வழக்கை வைத்து நடக்கும் வாதப் போட்டி) ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். ஆனால் ஒவ்வொரு உள்தேர்விலும் அதே தவறுகள் புது முகங்களோடு வந்து நிற்கின்றன. கழுத்துப் பட்டை கோணலாக இருப்பது, தாமதமாக வருவது, போனை அணைக்க மறப்பது இவற்றையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு முறை அதட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும். இறுதியாண்டு வரை கூடவே வரும் தவறுகள் வேறு.

கூட்டாளி என்பதால் அணி சேர்ப்பது

பெரும்பாலான போட்டிகளில் அணிக்கு மூன்று பேர்: இரண்டு ஸ்பீக்கர், ஒரு ரிசர்ச்சர். மூவருமே பேச ஆசைப்படுகிற அணியில் மெமோரியலை (எழுத்து வாதத்தை) யாரும் எழுத மாட்டார்கள். ரிசர்ச்சர் என்றால் பேச வராமல் மிஞ்சிய ஆள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல போட்டிகளில் ரிசர்ச்சருக்குத் தனி எழுத்துத் தேர்வும் தனிப் பரிசும் உண்டு. வாதம் நடக்கும்போது சரியான பத்தி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி நகர்த்துவதும் அவர் வேலை. உட்கார்ந்து படிக்கிற ஒருவரை முதலில் பிடியுங்கள். பேசுகிறவர்களை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

ப்ரொபோசிஷனைக் கதை மாதிரி படிப்பது

ப்ரொபோசிஷனில், அதாவது போட்டிக்குக் கொடுக்கும் கற்பனை வழக்குக் கதையில், தேவையில்லாத வரி என்று அநேகமாக எதுவும் இருக்காது. முதல் வேலை, தேதிகளை மட்டும் உருவி ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதுவது. இரண்டாவது, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்து, அதன்மேல் சிறப்பு அனுமதி மனு போட்டிருப்பதாகக் கதையில் தெளிவாக இருக்கும். அணியோ ஜூரிஸ்டிக்‌ஷன் பகுதியில் (எந்த அதிகாரத்தில் நீதிமன்றம் விசாரிக்கிறது என்று சொல்லும் இடம்) அரசியலமைப்பின் பிரிவு 32 என்று எழுதிக் கொண்டு வரும். பிரிவு 32 அடிப்படை உரிமைக்காக நேரடியாக உச்ச நீதிமன்றம் போவதற்கு. சிறப்பு அனுமதி மனுவுக்குப் பிரிவு 136. வாயைத் திறப்பதற்கு முன்பே மதிப்பெண் போகிற இடம் இது.

கதையில் இல்லாத உண்மையைச் சேர்ப்பதும் இதே ரகம். ‘ஆலைக் கழிவால் ஊர் மக்களுக்குப் புற்றுநோய் வந்தது’ என்று வாதிடுவார்கள். ப்ரொபோசிஷனில் ‘தோல் நோய்ப் புகார்கள் வந்தன’ என்றுதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் கிளாரிஃபிகேஷன் கேட்கத் தேதி கொடுத்திருப்பார்கள். அந்தத் தேதிக்குள் கேட்காதவர் பிறகு தானாக ஊகித்துக்கொள்ள முடியாது.

தீர்ப்பைப் படிக்காமல் மேற்கோள் காட்டுவது

இந்தக் கட்டுரையே இதற்காகத்தான். எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிற தவறும் இதுதான்.

நடப்பது இப்படி. தேடுபொறியில் இரண்டு சொல்லைப் போடுவார்கள். மஞ்சள் பூசிய ஒரு பத்தி வரும். அது தங்கள் கட்சிக்குச் சாதகமாகத் தெரிந்ததும் அப்படியே எடுத்து அடிக்குறிப்பில் போட்டுவிடுவார்கள். அந்தப் பத்தி நீதிபதி சொன்னதா, வக்கீல் வாதத்தை நீதிபதி எடுத்து எழுதியதா, கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் சுருக்கமா, மாறுபட்ட தீர்ப்பா என்று பார்ப்பதே இல்லை. இன்னும் சிலர் தீர்ப்பின் தலைப்பில் இருக்கும் சுருக்கமான ஹெட்நோட்டோடு நின்றுவிடுகிறார்கள். அதை எழுதியவர் சட்ட இதழின் ஆசிரியர், நீதிமன்றம் அல்ல. அதைத் தீர்ப்பின் வரிகளாக வாசித்துக் காட்டினால், தெரிந்த நீதிபதி அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்.

நம் மாவட்டத்துக் கூடங்குளம் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி. சுந்தர்ராஜன் எதிர் இந்திய ஒன்றியம், 2013 மே 6, (2013) 6 எஸ்.சி.சி. 620 (சட்ட இதழில் அது வெளியான இடம்). சுற்றுச்சூழல் ப்ரொபோசிஷன் வந்தால் மனுதாரர் அணி தவறாமல் இதைத் தூக்கிக்கொண்டு வரும். முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, உயிர்வாழும் உரிமை தரும் பிரிவு 21, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு எல்லாம் அதில் விரிவாகப் பேசப்பட்டிருப்பது உண்மை. பெஞ்சில் இருக்கும் நீதிபதிகள் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: “அந்த வழக்கில் ஜெயித்தது யார்?” அணி விழிக்கும். உச்ச நீதிமன்றம் அணு உலையை இயக்குவதற்குத் தடை விதிக்கவில்லை. 15 நிபந்தனைகளோடு அனுமதித்தது. நீங்கள் ஆலையை மூடச் சொல்லி நிற்கிறீர்கள், கையில் இருப்பதோ திறக்கச் சொன்ன தீர்ப்பு.

அதே தீர்ப்பை முழுதாகப் படித்தவர் வேறு விதமாக வருவார். “அனுமதித்த வழக்கிலேயே நீதிமன்றம் 15 நிபந்தனை விதித்தது, இந்த ஆலைக்கு ஒரு நிபந்தனைகூட இல்லை” என்பார். மாற்று நிவாரணமாக, மூட முடியாவிட்டால் நிபந்தனையாவது விதிக்க வேண்டும் என்று ப்ரேயரில் (நீதிமன்றத்திடம் வேண்டுவதை எழுதும் பகுதியில்) இரண்டாவதாகக் கேட்டிருப்பார். பாதகமான தீர்ப்பும் அப்போது அவருக்கு உழைக்கும்.

அடுத்த குழி, பின்னால் வந்த தீர்ப்பைப் பார்க்காமல் விடுவது. மின்னணுச் சாட்சியத்தோடு கொடுக்க வேண்டிய, சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் இதற்குப் பேர்போன உதாரணம். 2005-இல் நவ்ஜோத் சந்து வழக்கு, சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேறு வழியில் நிரூபிக்கலாம் என்றது. 2014-இல் அன்வர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, சான்றிதழ் கட்டாயம் என்றார்கள். 2018-இல் ஷஃபி முகமது வழக்கில் இரண்டு நீதிபதிகள் தளர்த்தினார்கள். 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் ஷஃபி முகமதுவைத் தள்ளி அன்வரை நிலைநிறுத்தினார்கள். சான்றிதழ் கொடுக்க வேண்டியவர் மறுத்தால் நீதிமன்றம் வழியாக அதைக் கேட்டுப் பெற மனு செய்யலாம் என்றும் சொன்னார்கள். இன்றைக்கும் ஷஃபி முகமதுவைப் பெரிய ஆயுதமாக நினைத்துக் கொண்டுவருகிற அணி இருக்கிறது. பழைய சீனியரின் மெமோரியலிலிருந்து அந்த அடிக்குறிப்பு அப்படியே இறங்கியிருக்கும்.

மாறுபட்ட தீர்ப்புக் குழப்பத்துக்கு கரக் சிங் வழக்கு (1962). தனியுரிமைக்கு ஆதரவாக அதை நீட்டுவார்கள். ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையினர் தனியுரிமை அடிப்படை உரிமை அல்ல என்றார்கள். நீங்கள் வாசிக்கிற அழகான வரிகள் நீதிபதி சுப்பா ராவின் சிறுபான்மைத் தீர்ப்பு. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் வந்த பிறகுதான் அந்தப் பெரும்பான்மைக் கருத்து போயிற்று. இதைச் சொல்லிவிட்டு சுப்பா ராவை வாசித்தால் கம்பீரமாக இருக்கும். சொல்லாமல் வாசித்தால் ஏமாற்ற வந்ததுபோல் ஆகிவிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேறு. கேட்டால் வழக்கின் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் கொடுக்கும். அப்படி ஒரு வழக்கே இருக்காது. 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் இப்படிக் கற்பனைத் தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மூட் கோர்ட்டில் அபராதம் இல்லை. ஆனால் ஒரு மேற்கோள் பொய் என்று தெரிந்தால், உண்மையான மற்ற இருபதையும் பெஞ்ச் நம்பாது.

ஆகவே ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு தாள் போடுங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: மனு அனுமதிக்கப்பட்டதா, தள்ளுபடியா? பிறகு எத்தனை நீதிபதிகள், யார் எழுதியது, மாறுபட்டவர் உண்டா? மூன்று வரியில் வழக்கின் கதை. நீதிமன்றம் முடிவு செய்த கேள்வி எது? நமக்கு வேண்டிய பத்தியின் எண், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு பத்திகளோடு. பின்னால் எந்தத் தீர்ப்பு இதைப் பின்பற்றியது, எது தள்ளியது? கடைசியாக, எதிர் அணி இதே தீர்ப்பை நம்மேல் எப்படித் திருப்பும்? இத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்.

காசில்லை என்ற சாக்கு இதற்குச் செல்லாது. உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தீர்ப்புத் தளம் 2023 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியன் கானூனும் இலவசம். மெமோரியலின் வழக்குப் பட்டியலான இண்டெக்ஸில் அறுபது வழக்கு அடுக்குவதைவிட இப்படித் தாள் போட்ட பன்னிரண்டு, பதினைந்து வழக்கு போதும். வாதத்தில் எப்படியும் ஐந்தாறைத்தான் தொட முடியும்.

பழைய சட்டத்தைப் புதிய சம்பவத்துக்குப் போடுவது

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சம்பவம் அதற்கு முந்தியதா பிந்தியதா என்று தேதியைப் பாருங்கள். முந்தைய குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். சன்ஹிதாவின் பிரிவு 358 அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. சாட்சியச் சட்டத்தின் 65பி இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 63. சான்றிதழின் படிவமும் மாறிவிட்டது: அட்டவணையில் ‘ஏ’ பகுதியைத் தரப்பினரும், ‘பி’ பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இது தெரியாமல் அர்ஜுன் பண்டித்ராவை மட்டும் ஒப்பித்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள்.

மெமோரியலில் கல்லூரிப் பெயர்

கல்லூரி அடையாளம் தெரியக் கூடாது என்பதால் அட்டையில் போட மாட்டார்கள். பி.டி.எஃப். கோப்பின் ப்ராபர்டீஸில் மாணவர் பெயரோடு அப்படியே கிடக்கும். அனுப்புமுன் அழியுங்கள்.

எதிர் அணியின் சுற்றை ஒளிந்து பார்ப்பது

இதற்கு ஸ்கவுட்டிங் என்று பெயர். அணியையே வெளியேற்றுவார்கள்.

மனப்பாடம் செய்து நிற்பது

பதினைந்து நிமிடம் கொடுத்தால் பதினைந்து நிமிடப் பேச்சு எழுதுகிறார்கள். எட்டு நிமிடத்துக்கு எழுதுங்கள். மிச்ச நேரம் பெஞ்சுக்குச் சொந்தம். கேள்வி வந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட வேண்டும். முதல் சொல் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’, அடுத்து காரணம், அதற்கடுத்து பத்தி எண். “அதற்குப் பிறகு வருகிறேன்” என்பது பதில் அல்ல. பெஞ்ச் கேட்பது இப்போது.

விட்டுக்கொடுக்கக் கூடியது எது, கூடாதது எது என்று முன்னாடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மறுக்கிறவருக்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவருக்கும் ஒரே மதிப்பெண்தான்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் பிள்ளைகள், முக்கியமாகத் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், இதற்கே பயந்து பெயர் கொடுக்காமல் இருக்கிறார்கள். பெஞ்ச் உச்சரிப்புக்கு மதிப்பெண் போட உட்காரவில்லை. சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ‘ஐ ஃபீல்’, ‘ஐ திங்க்’ வேண்டாம். ‘இட் இஸ் சப்மிட்டட்’ போதும். நீதிபதியை அழைக்கும் முறையை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வரியில் ‘லார்ட்ஷிப்’, அடுத்த வரியில் ‘சார்’ என்று தாவாதீர்கள்.

ரிபட்டலில் புது வாதம்

கூடாது. ரிபட்டல் என்பது எதிர் அணிக்குக் கடைசியாகப் பதில் சொல்லும் நேரம். அவர்கள் சொன்னதில் இரண்டே இரண்டை எடுத்து அடியுங்கள்.

உண்மையான வாதத்தைப் பார்க்காமலே போட்டிக்குப் போவது

மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறந்ததிலிருந்து நெல்லைக்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்காகச் சென்னை வரை ரயிலேற வேண்டியதில்லை. காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம். அதுவும் முடியாதவர்களுக்கு, உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையில் வருகின்றன. மதுரைக் கிளைக்குள் போக அனுமதிக்குக் கல்லூரி வழியாகவோ பழக்கமான வக்கீல் அண்ணாச்சி வழியாகவோ ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். வழக்கை எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் பார்க்கும் அட்மிஷன் வழக்குகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும், அவற்றில் கற்க அதிகம் இல்லை. இறுதி விசாரணை நடக்கும் கோர்ட் ஹாலைத் தேடி உட்காருங்கள். நோட்டில் வாதத்தை முழுதாக எழுதிக்கொண்டிருக்காதீர்கள். நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் நீதிபதி எதற்குக் குறுக்கிட்டார் என்பதையும், வலப்பக்கம் வக்கீல் அதற்குச் சொன்ன முதல் வாக்கியத்தையும் மட்டும் எழுதுங்கள்.