கேம் எழுத்து: வேலூரிலிருந்து ஓராண்டுத் திட்டம்

52 வாரமும் வீடியோ கேம் விமர்சனம் என்று தொடங்கினால் மார்ச்சுக்குள் மூச்சு வாங்கும். 36 கட்டுரை போதும். மீதி வாரங்கள் விளையாடவும் திருத்தவும்.

புதுத் திசை இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்று, வடிவமைப்பு அலசல். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த வேலூர்க் கோட்டையை ஒரு லெவலாக நினைத்து, அகழியும் மதிலும் வாசலும் ஆட்டக்காரரை எப்படித் திருப்பிவிடும் என்று எழுதுங்கள், ஜூலைக்குப் பொருந்தும். இன்னொன்று பழைய கேம்கள். கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் கோடை, குளிர்காலத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம்.

கட்டுரைகளுக்காக ஆட்டத்தை வீடியோவாக எடுக்கும் திரைப்பதிவை பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் லேப்டாப் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நொடிக்கு வரும் ஃபிரேம் (படம்) எண்ணிக்கை விழும், பழி கேம் மேல் போகும். மே மாதம் எடுத்தே ஆகணும் என்றால் விடியற்காலைதான். நொடிக்கு 12 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 5.4 ஜிபி பிடிக்கும்.