அப்பாவுக்கு என்ன வாங்கலாம்? அவர் எதைக் கயிறு கட்டி ஓட்டுகிறார் என்று பாருங்கள்

எங்கள் கொங்குப் பக்கத்து அப்பாக்களிடம் "உங்களுக்கு என்னங்கப்பா வேணும்?" என்று கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான். "எனக்கென்ன கண்ணு, எல்லாந்தான் இருக்குதே. நீ காசைத் தண்டம் பண்ணாம இரு." இதைக் கேட்டுவிட்டு நாமாக ஒன்றை வாங்கிப் போவோம், அது பீரோவுக்குள் எல்ஐசி பத்திரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கும். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. வந்த ஒறம்பரைக்கெல்லாம், அதாவது சொந்தக்காரர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார், மறுபடி உள்ளே வைத்துவிடுவார்.

அதற்கப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஊருக்குப் போனால் இரண்டு நாள் சும்மா வேடிக்கை பார்ப்பேன். அவர் எதை ரப்பர் பேண்ட் போட்டு, சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, எம்சீல் வைத்து அடைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்தால் போதும், பட்டியல் தானாக வந்துவிடும். மூக்குக் கண்ணாடியின் காதுக்குக் கம்பி கட்டியிருப்பார். எக்ஸ்எல் வண்டியின் சீட்டில் உரச்சாக்கு போர்த்தியிருக்கும். தனக்கென்று புதிதாக வாங்க மனசு வராமல் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருப்பவை இவை, ஆனால் தினமும் கையில் எடுப்பவை. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், "அந்த டார்ச்சைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது" என்கிற மாதிரி ஒரு புகார் நிச்சயம் வரும். அப்பா தினமும் பேக்கரியில் யாரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறாரோ அவரிடமும் கேட்கலாம், நம்மிடம் சொல்லாததையெல்லாம் அங்கேதான் சொல்லி வைத்திருப்பார்.

தோட்டங்காடு பார்க்கிற அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்த இனம் அது. எங்கள் அப்பா ராத்திரி தண்ணீர் கட்டப் போனால் டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கேட் வால்வைத் திருப்புவார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் மாட்டுகிற லைட் ஒன்று வாங்கினேன். இதில் பார்க்க வேண்டியவை: அவர் போனுக்குப் போடுகிற அதே சார்ஜர் இதற்கும் சேர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் மாதம் ஒயர் தொலைந்துவிடும். சுவிட்ச் பெரிதாக, ஈரக்கையால் அமுக்கினாலும் வேலை செய்வதாக இருக்க வேண்டும். பட்டை அகலமாக இருந்தால் தலையில் உருமாலைக்கு மேலேயும் நிற்கும். வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது என்று பெட்டியில் போட்டிருப்பதை ரொம்ப நம்பாதீர்கள். வரப்பில் பாம்பு கிடந்தால் பத்தடி முன்னாலேயே தெரிய வேண்டும், அவ்வளவுதான். கூடவே ஒரு ஜோடி கம்பூட்ஸும் வாங்கலாம். ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கால் ஊறிய பிறகு கழற்ற வராது.

கொஞ்சம் பெரிய செலவு செய்ய முடியும் என்றால் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டுக் கொடுங்கள். இதைவிட நல்ல பரிசு ஒரு விவசாயிக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. விவசாயத்துக்கான மும்முனைக் கரண்ட் பகலில் கொஞ்ச நேரம், ராத்திரியில் கொஞ்ச நேரம் என்று முறை வைத்து வருகிற ஊர்களில், நடுச்சாமத்தில் எழுந்து மோட்டார் ரூமுக்கு நடக்கிற வேலையை இது மிச்சப்படுத்தும். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும், வீட்டிலிருந்து கூப்பிட்டால் போதும், மோட்டார் ஓடும், நிற்கும். தமிழில் பேசிச் சொல்கிற மாடலும் கிடைக்கிறது. ஆனால் கடைக்குப் போகும் முன் நாலு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். மோட்டார் எத்தனை ஹெச்பி, இப்போது இருக்கிற ஸ்டார்ட்டர் மோட்டாரை நேரடியாகக் கிளப்புகிற டிஓஎல் வகையா இரண்டு கட்டமாகக் கிளப்புகிற ஸ்டார் டெல்டாவா, மோட்டார் ரூமுக்குள் எந்தக் கம்பெனி சிக்னல் எடுக்கிறது, போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டால் தானாக நிறுத்துகிற வசதி வேண்டுமா. கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம், தண்ணீரில்லாமல் ஓடி மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் கருகிப் போனால் காயில் கட்டுகிற செலவு பரிசின் விலையைத் தாண்டிவிடும். அப்பாவின் வழக்கமான எலக்ட்ரீசியனை வைத்தே மாட்டச் சொல்லுங்கள். வேறு ஆளைக் கூட்டி வந்தால் அந்த ஆள் போன மறுநாளே இவர் கழற்றி வைத்துவிடுவார், எனக்குத் தெரிந்து இரண்டு வீட்டில் நடந்திருக்கிறது. அந்த சிம்முக்கு மாசாமாசம் ரீசார்ஜ் உங்கள் பொறுப்பு, அதையும் பரிசில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுப் பிரியர் என்றால் கதை வேறு. காங்கேயம் மாடு வைத்திருக்கிறவருக்கு நீங்களாகப் போய் எதுவும் வாங்கக்கூடாது. மணியின் ஓசை பிடிக்காது, கயிறு முறுக்கு சரியில்லை என்பார். பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னால், வியாழக்கிழமை கூடுகிற ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கோ பக்கத்துச் சந்தை எதற்கோ அவரையே கூட்டிப் போங்கள். கழுத்துமணி, மூக்கணாங்கயிறு, சலங்கைப் பட்டை எல்லாவற்றையும் அவர் தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, பேரம் பேசி எடுக்கட்டும், காசு மட்டும் நீங்கள் கொடுங்கள். வெடியாலே கிளம்ப வேண்டும், பத்து மணிக்குப் போய் நின்றால் உங்களுக்குத்தான் மானக்கேடு.

பட்டறை அப்பாக்கள் இன்னும் கஷ்டம். கோயம்புத்தூர் கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கம் லேத்தில் முப்பது வருசம் நின்றவருக்கு ஸ்பேனர் செட் வாங்கிக் கொடுத்தால், கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு "இது பச்சை இரும்பு" என்று ஒரு ஓரமாக வைத்துவிடுவார். அவரிடம் இருக்கிற கருவியில் எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதே கம்பெனி, அதே அளவு வாங்குங்கள். கண் மங்கிவிட்டது, வெர்னியர் அளவுகோலில் கோடு எண்ண முடியவில்லை என்று தெரிந்தால் டிஜிட்டல் காலிபர் நல்ல யோசனை. 0.01 மில்லிமீட்டர் வரை எண்ணாகவே காட்டும், கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. அளவுக் கருவிக்குப் பேர்போன ஜப்பான் கம்பெனி மிட்டுட்டோயோ பெயரில் போலி நிறைய ஓடுகிறது, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். அவர் வாங்கின உடனே அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டையான ஒரு கேஜ் பிளாக்கை வைத்து அளந்து பார்ப்பார், சிரிக்காதீர்கள்.

பொருளே வேண்டாம் என்றால் இப்படிப்பட்ட அப்பாவை அவிநாசி சாலையில் இருக்கிற ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள். ஜி.டி. நாயுடு சூலூர்ப் பக்கம் கலங்கல் ஊர்க்காரர், 1893-இல் பிறந்தவர், இந்த ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு அவர் பெயரைச் சொன்னாலே முதுகு நிமிரும். நான் கூட்டிப் போன பெரியப்பா ஒரே காரின் அடியில் குனிந்து சஸ்பென்ஷனை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள் மிச்சம் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு வந்தும் அங்கேயே இருந்தார்.

அதே மாதிரி ஊட்டி ரயில். எல்லா அப்பாவுக்கும் பிடிக்கும், மெஷின் பைத்தியம் பிடித்த அப்பாவுக்கு ரெட்டிப்பாகப் பிடிக்கும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும், மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த பாதை வரும், என்ஜின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு ஏறும். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை. சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறந்த உடனே போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ரத்தாவது உண்டு, அதனால் ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வேண்டாம்.

கும்மிக்குப் போகிற அப்பாக்கள் இப்போது ஊருக்கு ஊர் பெருகிவிட்டார்கள். வள்ளி கதையைப் பாடி ஆடுகிற வள்ளி ஒயில் கும்மிக்காக மேட்டுப்பாளையம் பக்கத்து பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு பொழுதோடு, சாயங்காலமானால், கோயில் மைதானத்தில் இன்னும் கூட்டம். ரிட்டயர் ஆனவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், பேத்தியோடு சேர்ந்து ஆடுகிறவர்கள். இவர்களுக்கு உடையெல்லாம் குழுவே ஒரே நிறத்தில் எடுத்துவிடும், நீங்கள் தனியாக எடுத்தால் வீண். ஒயிலாட்டமோ பெருஞ்சலங்கையோ ஆடுகிறவருக்குச் சலங்கை வாங்கலாம், ஆனால் எத்தனை மணி, தோல் பட்டையா துணிப் பட்டையா என்று அவருடைய ஆசிரியரிடம் கேட்டுவிட்டு. கனமான சலங்கை அறுபது வயது முழங்காலுக்கு ஆகாது. என்னைக் கேட்டால், அரங்கேற்றத்தன்று லீவு போட்டு வந்து முழு ஆட்டத்தையும் ஸ்டாண்டில் கேமரா வைத்து, பாட்டு தெளிவாகக் கேட்கிற மாதிரி எடுத்து, பென்டிரைவில் போட்டு டிவியில் செருகிக் கொடுங்கள். ஒறம்பரை வரும்போதெல்லாம் அதுதான் ஓடும். கொஞ்ச நாளில் நீங்களே பென்டிரைவை ஒளித்து வைக்க வேண்டி வரலாம்.

வேட்டி சட்டை எடுத்துத்தான் தருவேன் என்கிறவர்களுக்குச் சின்னக் குறிப்பு. எட்டு முழமா நாலு முழமா என்று அவர் கட்டுவதைப் பார்த்து எடுங்கள். கரையின் நிறத்தைப் பாருங்கள், அவசரத்தில் ஏதாவது கட்சிக் கரையை எடுத்துவிட்டால் வேறு கட்சிக்கார அப்பா அதைத் தொடமாட்டார். சட்டையில் இடப்பக்கம் ஆழமான பாக்கெட் இல்லாவிட்டால் எவ்வளவு விலை என்றாலும் வீண்தான். செல்போன், பேனா, நாலு சீட்டு, அதற்குள் மடித்த நோட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

வீட்டுக்கு நாலு பேர் வந்து ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்து பேசுகிற அப்பா என்றால் பவானி ஜமக்காளம். அந்தப் பெயரில் தறியே பார்க்காத மலிவுச் சரக்கும் விற்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற கைத்தறி ஜமக்காளம் வேண்டுமென்றால் பவானியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ எடுங்கள். முன்கூட்டியே சொன்னால் பெயர் போட்டு நெய்து தருகிறவர்களும் உண்டு. எங்கள் பெரியப்பா பெயர் போட்டதை மட்டும் கல்யாண வீட்டுக்கு யாருக்கும் இரவல் தரமாட்டார்.

படிக்கிற அப்பாவுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிப் போய் ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வெளியே சோளம் தின்றுகொண்டிருங்கள். வெள்ளோட்டுப் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் போய்ப் பறவை பார்க்கிறவர் என்றால் பைனாகுலர், 8-க்கு 42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) என்று போட்டிருப்பது போதும், அதைவிடப் பெருக்கம் கூடினால் கை நடுங்கும்போது குருவியும் சேர்ந்து நடுங்கும்.

பிரஷர் பார்க்கிற கருவி, சர்க்கரை பார்க்கிற கருவி இதெல்லாம் தேவையானவைதான், வாங்கிக் கொடுங்கள். பிரஷருக்கு மேல்கையில் சுற்றுகிற வகை, பட்டையின் அளவு கைக்குச் சேருகிறதா பார்த்து. ஆனால் பிறந்தநாளன்று பொட்டலம் கட்டிக் கொடுக்காதீர்கள். சாதாரண ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொள்வார்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். "எத்தன ரூவா குடுத்தே?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும், நன்றியெல்லாம் அப்புறம்தான், வந்தால். நெற்றி லைட்டுக்கு நான் 1,400 ரூபாய் கொடுத்தேன். தண்டச்செலவு என்பாரே என்று பயந்து 350 என்று சொல்லிவிட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் போன் வருகிறது: "ஏங்கண்ணு, பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு ரெண்டு வேணுமாம், 700 ரூவா குடுத்துட்டாரு, வாங்கி அனுப்பிரு." 2,800 ரூபாய் சரக்கு, 700 ரூபாய் வரவு. அதனால் பொய் சொல்வதென்றால் பாதி விலைக்குக் கீழே இறங்காதீர்கள். ஆஃபரில் வந்தது, ஆஃபர் நேற்றோடு முடிந்துவிட்டது என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

தந்தையர் தினம் ஜூன் மாதம் மூன்றாவது ஞாயிறு. அப்படி ஒன்று இருப்பதே எங்கள் அப்பாவுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஆடிப் பண்டிகையான நோம்பிக்கு ஊருக்குப் போகிறபோது கையோடு கொண்டுபோவதுதான் வசதி. கொண்டுபோன அன்றைக்கே உறையைப் பிரித்து, சார்ஜ் ஏற்றி, பெயரை மார்க்கரில் எழுதி, பழையது தொங்கிய அதே ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள். பழையதைத் தூக்கி எறியவேண்டாம், தேடி எடுத்துவந்துவிடுவார். எங்கள் வீட்டு மோட்டார் ரூமில் ரப்பர் பேண்ட் போட்ட டார்ச்சும் நெற்றி லைட்டும் இப்போது ஒரே ஆணியில்தான் தொங்குகின்றன.